டஸ்கனி வில்லாவில் ஒரு வாரம்: கடல், கிராமம், கலைநகரம், எதை எந்த நாளில்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து இரண்டு குடும்பம், மொத்தம் எட்டுப் பேர். அதில் முழங்கால் வலியுள்ள எழுபது வயது மாமியார், முட்டைகூடத் தொடாத மாமனார், ஆறு வயதில் ஒன்றும் பதினொரு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். செப்டம்பர் முதல் பாதியில், சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை, இத்தாலியின் டஸ்கனியில் கொல்லே தி வால் தெல்சாவுக்கும் வொல்தெர்ராவுக்கும் நடுவே ஒரு பண்ணை வில்லா எடுத்திருக்கிறார்கள், திரும்பும் விமானம் பைசாவிலிருந்து. ஃபுளோரன்ஸ், சியெனா, பைசா, லூக்கா, சான் ஜிமிஞானோ, சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோர ஊர்கள், இரண்டு நாள் கடற்கரை, கூடவே சில கிராமங்கள், இவ்வளவையும் ஆறு நாளில் எப்படி அடக்குவது?

அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். உங்கள் பட்டியலில் உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தூரம்தான், ஆனால் போக ஒன்றரை, வர ஒன்றரை, வண்டி நிறுத்த இடம் தேட அரை மணி என்று கூட்டிப் பாருங்கள், எட்டுப் பேர் காலையில் கிளம்பி முடிக்கவே பத்து மணி ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த வில்லாவுக்கு எதற்கு அவ்வளவு வாடகை கொடுத்தோம் என்று தோன்றும். இந்தப் பகுதியில் குடியிருந்து, வருகிற உறவினர் நண்பர்களை அழைத்துக்கொண்டு சுற்றுகிறவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: நாளைக்கு ஓர் ஊர். ஒரு நாள் தூரம் போனால் மறுநாள் பக்கத்திலேயே இருங்கள். அதைவிட முக்கியமாக, எந்த இடத்துக்கு எந்தப் பொழுது என்று பார்த்துப் போங்கள். கலைநகரத்துக்குக் காலை, கடலுக்குப் பிற்பகல், மலைமேல் இருக்கிற சின்ன ஊர்களுக்கு மாலை. பெரும்பாலான பயணிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு சான் ஜிமிஞானோவில் பேருந்துக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டு, ஊரே நன்றாக இல்லை என்று திரும்புகிறார்கள்.

வண்டி விஷயத்தை முடித்துவிடுவோம். எட்டுப் பேருக்கு ஒரே ஒன்பது இருக்கை வேன் எடுக்காதீர்கள், இரண்டு சின்னக் கார் எடுங்கள். கிராமத்துச் சந்துகளில் வேன் திரும்பாது. அதோடு மாமியாருக்குக் கால் வலித்தால் ஒரு கார் முன்னாலேயே திரும்பலாம், மற்றவர்கள் இருக்கலாம், இந்தச் சுதந்திரம் ஒரு வாரத்துக்குப் பெரிய விஷயம். ஓட்டுகிறவர்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஊரிலேயே வாங்கி வர வேண்டும். கியர் மாற்றாத வண்டி வேண்டுமென்றால் முன்பே சொல்லிவையுங்கள், இங்கே அது தானாகக் கிடைக்காது. அடுத்தது இசட்.டி.எல். பழைய நகர மையங்களுக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாது என்ற விதி. சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும், மேலே கேமரா இருக்கும். தடுப்புக் கட்டை எதுவும் கிடையாது, யாரும் நிறுத்த மாட்டார்கள், நீங்கள் பாட்டுக்கு உள்ளே போய்விடலாம். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து சென்னை வீட்டுக்கு வரும், வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணம் வேறு எடுக்கும். வரைபடச் செயலியை நம்பி உள்ளே போகாதீர்கள், மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்தத்தையே சேருமிடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் வெள்ளைக் கோடு இருந்தால் இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் உங்களுக்கு இல்லை. வெள்ளைக் கோட்டிலும் சில இடத்தில் நேர வரம்பு உண்டு, பலகையைப் பாருங்கள்.

சனிக்கிழமை வந்து சேரும் நாள், அன்று வேறெதுவும் வைக்காதீர்கள். வில்லாவுக்குப் போகும் வழியிலேயே போஜ்ஜிபொன்சியிலோ கொல்லேயிலோ சூப்பர்மார்க்கெட்டில் நிறுத்தி இரண்டு நாளுக்கான பால், காய், அரிசி எல்லாம் வாங்கிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் பல கடைகள் மூடிவிடும்.

ஞாயிறு வொல்தெர்ரா. வில்லாவிலிருந்து இருபது நிமிடம்கூட ஆகாது, பயணக் களைப்போடு போகத் தோதான ஊர். சுற்றுலாக்காரர்கள் சான் ஜிமிஞானோவுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பிடிக்கும். ரோமானியர்களுக்கு முந்திய எத்ருஸ்கர்கள் கட்டிய ஊர். அவர்கள் காலத்து வாசல் ஒன்று இன்னும் நிற்கிறது, அதன் வழியாகத்தான் ஊர்க்காரர்கள் நடந்து போய் வருகிறார்கள். 1944 ஜூன் கடைசியில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படை அந்த வாசலைத் தகர்க்கப் போகிறது என்று தெரிந்ததும், ஊர் மக்கள் தெருவில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்து எடுத்து வந்து ஒரே நாளில் வாசலை அடைத்து, இனி இதன் வழியாக எதுவும் வர முடியாது, தகர்க்கத் தேவையில்லை என்று காட்டிக் காப்பாற்றினார்கள். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வாசலடியில் நிறுத்துங்கள், அந்தக் கல்லைத் தொட்டுப் பார்ப்பார்கள். குவர்னாச்சி அருங்காட்சியகத்தில் நெடுநெடுவென்று ஒல்லியாக நீண்ட ஒரு வெண்கலச் சிறுவன் சிலை இருக்கிறது, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, பார்த்தால் போன நூற்றாண்டுச் சிற்பி செய்தது என்பீர்கள். அலபாஸ்டர் கல் கடையும் பட்டறைகளும் தெருவோடு இருக்கின்றன, வெள்ளைத் தூள் படிந்த வாசலை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஊர் ஏற்ற இறக்கம்தான், மாமியாரை மேலே சதுக்கத்துக்கு அருகே உள்ள நிறுத்தம் வரை காரில் கொண்டுபோய்விடுங்கள்.

திங்கள் கடல். ஏன் திங்கள் என்றால், ஃபுளோரன்சின் உஃபீசி ஓவியக்கூடமும் டேவிட் சிலை இருக்கிற அக்காதெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே அன்று ஃபுளோரன்ஸ் போவதில் பொருளில்லை. கடற்கரையோ ஞாயிறு உள்ளூர்க் கூட்டத்தால் நிரம்பி, திங்கள் காலியாகிவிடும். செப்டம்பரில் கோடை முழுதும் சூடேறிய தண்ணீர் இன்னும் இதமாக இருக்கும், ஆகஸ்ட் கூட்டமோ வீடு திரும்பியிருக்கும்.

வில்லாவிலிருந்து கடலுக்கு 68ஆம் எண் சாலை நேராகச் செச்சினாவில் கொண்டுபோய் விடும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நேர் என்றது வழியைத்தான், சாலை முழுக்க வளைவு. பிள்ளைகளுக்கு வாந்தி வரும் வழக்கம் இருந்தால் மாத்திரை கொடுத்துவிடுங்கள். செச்சினா, பிப்போனா கடற்கரைகள் நல்லவையே, பின்னால் பைன் மரக்காடு, நிழல் தாராளம். ஆனால் எட்டுப் பேரையும் மனத்தில் வைத்து ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால் இன்னும் அரை மணி தெற்கே போய் பராத்தி வளைகுடாவைத்தான் சொல்வேன். பிறை மாதிரி வளைந்த சின்னக் குடா, ஆழம் குறைவு, அமைதியான நாளில் அலை என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. நம் மெரினாவில் காலை நனைக்கவே பயந்து நிற்கிற ஆறு வயதுப் பிள்ளை இங்கே இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் விளையாடும். கரையை ஒட்டிக் குடைபோல் விரிந்த பைன் மரங்கள், பெரியவர்கள் அங்கே பாய் விரித்துக்கொள்ளலாம்.

அந்த மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள், கருப்பாக மின்னும் துகள் கலந்திருக்கும். இரும்பு. எதிரே இருக்கிற எல்பா தீவிலிருந்து தாதுவைப் படகில் கொண்டுவந்து எத்ருஸ்கர்கள் இங்கேதான் உருக்கினார்கள், நூற்றாண்டுக் கணக்கில். உருக்கிய கசடு மலைபோல் குவிந்து அவர்களுடைய பழைய கல்லறைகளையே மூடிவிட்டது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தக் கசட்டில் இன்னும் இரும்பு இருக்கிறது என்று தோண்டி எடுக்கப் போனபோது, அடியில் புதைந்திருந்த கல்லறைகள் முழுசாக வெளியே வந்தன. இப்போது அது தொல்லியல் பூங்கா, கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கடலைவிட இது பிடிக்கவும் கூடும். மேலே பொப்புலோனியா என்ற குட்டிக் கோட்டை ஊர், பத்து நிமிடக் கார்ப் பயணம்.

நேரத்தை இப்படிப் போடுங்கள். காலையில் அவசரமில்லை, பதினொன்றுக்குக் கிளம்புங்கள். வழியில் பொல்கேரி. நெடுஞ்சாலையிலிருந்து அந்தக் கிராமம் வரை கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் வளைவே இல்லாமல் இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரம் நிற்கிற சாலை. 1906இல் இலக்கியத்துக்கான நோபல் பெற்ற கவிஞர் கார்துச்சி சிறுவயதில் வளர்ந்த இடம், இந்த மரங்களைப் பாடியவரும் அவர்தான், இத்தாலியில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அந்த வரிகள் தெரியும். அங்கே மதியச் சாப்பாடு, மூன்று மணிக்குக் கடலில் இறங்கினால் ஏழே முக்கால் சுமாருக்குச் சூரியன் மறையும் வரை இருக்கலாம். கிழக்குக் கடற்கரையில் வளர்ந்த நமக்குச் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்ப்பது தனி அனுபவம், அதை விட்டுவிட்டு ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். திரும்பும்போது இருட்டில் காட்டுப்பன்றியும் மானும் முள்ளம்பன்றியும் சாலையைக் கடக்கும், மெதுவாக ஓட்டுங்கள்.

கடற்கரை பற்றி இன்னும் இரண்டு விஷயம். இத்தாலியில் கரையின் கணிசமான பகுதி குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் ஆட்களின் கையில் இருக்கிறது. அங்கே காசு கொடுத்துத்தான் உட்கார வேண்டும், முன்வரிசைக்கு விலை கூட, பதிலுக்குக் கழிப்பறை, குளிக்க நல்ல தண்ணீர், சிற்றுண்டி எல்லாம் கிடைக்கும். இடையிடையே இலவசக் கரையும் உண்டு, பராத்தியில் பெரும்பகுதி அப்படித்தான், குடையும் குடிதண்ணீரும் நீங்களே கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, ரொசிஞானோவில் இருக்கிற வெள்ளைக் கடற்கரை. இணையத்தில் மாலத்தீவு மாதிரி படம் போட்டிருப்பார்கள். அந்த வெள்ளை மணலும் நீலநிறமும் பக்கத்துச் சோடா தொழிற்சாலை ஒரு நூற்றாண்டாகக் கடலில் விட்ட சுண்ணக் கழிவால் வந்தவை, முந்தைய காலத்தில் பாதரசமும் அந்தக் கழிவோடு கலந்தது. மக்கள் குளிக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும், இவ்வளவு நல்ல கடற்கரைகள் சுற்றி இருக்கையில், குழந்தைகளை அங்கே இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

செவ்வாய் சியெனா. ஃபுளோரன்சுக்கு முன்னால் சியெனாவைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். முக்கால் மணி நேரத் தூரம். ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள், புதன்கிழமை வேண்டாம், அன்று கோட்டைப் பக்கம் வாரச்சந்தை, நிறுத்த இடம் கிடைக்காது. ஃபோந்தெபிராந்தா பக்கமுள்ள சாந்தா காத்தெரினா நிறுத்தத்தில் விட்டால் அங்கிருந்து நகரும் படிக்கட்டு வரிசையாகக் கதீட்ரல் அருகே கொண்டுபோய் விடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல வழி இல்லை.

கதீட்ரலின் பளிங்குத் தளம் முழுக்கச் சித்திரம், ஐம்பத்தாறு பலகம். வருடத்தில் பெரும்பகுதி மூடிவைத்திருப்பார்கள், கோடையில் கொஞ்ச நாளும், பிறகு வழக்கமாக ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரையும் திறந்திருக்கும், நீங்கள் சரியான நேரத்தில் வருகிறீர்கள். வெளியே வந்தால் பக்கத்திலேயே அந்தரத்தில் ஒரு பிரம்மாண்டச் சுவர் நிற்கும். இப்போதுள்ள கதீட்ரலைக் குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு அதைவிட மிகப் பெரிய கோவில் கட்டத் தொடங்கினார்கள், 1348இல் கொள்ளைநோய் வந்து நகரத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது, வேலை அப்படியே நின்றது. அந்தச் சுவரின் உச்சிக்கு ஏறலாம், முழங்கால் நன்றாக உள்ளவர்கள் மட்டும்.

அங்கிருந்து காம்போ சதுக்கத்துக்கு இறங்குங்கள். சிப்பி போல் சரிந்த அந்தச் செங்கல் தரையில் ஒன்பது பிரிவு இருக்கும். 1287 முதல் 1355 வரை நகரத்தை ஆண்ட ஒன்பது பேர் சபையின் நினைவு அது. சதுக்கத்தின் அடியில் உள்ள நகர மாளிகைக்குள், அந்த ஒன்பது பேர் கூடிய அறையில்தான் அம்புரோஜியோ லொரென்செத்தி 1338, 39இல் நல்லாட்சியையும் கெட்ட ஆட்சியையும் சுவர் முழுக்க வரைந்தார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள் தலையை உயர்த்தினாலே அந்தப் படம் கண்ணில் படும். நல்லாட்சி நகரத்தில் கூரைமேல் கொத்தன் வேலை செய்கிறான், பெண்கள் ஆடுகிறார்கள், கடையில் செருப்பு விற்கிறது. நகர வாசலுக்கு வெளியே வயல், திராட்சைத் தோட்டம், அறுவடை, சந்தைக்குப் பன்றியை ஓட்டிவரும் ஆள், குதிரையில் வேட்டைக்குப் போகும் பிரபுக்கள். அந்தக் குன்றுகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். காலையில் நீங்கள் காரில் கடந்து வந்ததுதான். ஏழு நூற்றாண்டுக்கு முன் வரைந்த நிலம் இன்னும் அடையாளம் தெரிகிற அளவுக்கு இருக்கிறது. இதை வாரத் தொடக்கத்தில் பார்த்தால் மீதி நாட்களில் பார்க்கிற ஒவ்வொரு கிராமமும் வயலும் வேறு மாதிரித் தெரியும், அதனால்தான் சியெனா முதலில். எதிர்ச் சுவரில் கெட்ட ஆட்சி சிதைந்துபோயிருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொம்பு முளைத்த கொடுங்கோலனை மட்டும் காட்டுங்கள். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வில்லா நீச்சல் குளத்தில் இறங்கிவிடலாம்.

புதன் ஓய்வு. காலையில் கொல்லேயில் எல்சா ஆற்றை ஒட்டிப் போகிற செந்தியெரெல்சா நடைபாதை, தண்ணீர் நீலப்பச்சையாக இருக்கும், ஓரிடத்தில் அருவி, ஆற்றைக் கல்மேல் கயிறு பிடித்துக் கடக்கும் இடங்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் வில்லாவிலேயே இருக்கட்டும். மாலை ஐந்துக்கு மேல் எல்லோருமாக சான் ஜிமிஞானோ போங்கள். எழுபதுக்கு மேல் கோபுரங்கள் இருந்த ஊர், இப்போது பதினான்கு மிச்சம். ஒவ்வொரு பணக்காரக் குடும்பமும் அடுத்தவனைவிட உயரமாகக் கட்ட வேண்டும் என்று போட்டி போட்டுக் கட்டியவை. ஐந்து, ஆறு மணிக்குப் பேருந்துகள் கிளம்பிவிடும், தெருக்கள் ஊர்க்காரர்கள் கைக்குத் திரும்பும், மஞ்சள் வெயில் கோபுரங்கள்மேல் விழும். வியாழன் காலைச் சந்தை நாள், அப்போது மட்டும் தவிருங்கள். இந்த ஊரில் குங்குமப்பூ விளைகிறது, நடுக்காலத்திலேயே அதை விற்று ஊருக்குச் செல்வம் வந்தது. மாமியாருக்கு ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக் கொடுங்கள்.

வியாழன் ஃபுளோரன்ஸ். ஊருக்குள் காரைக் கொண்டுபோகவே கூடாது. சியெனா ஃபுளோரன்ஸ் சாலையில் வந்து, ஏ1 சுங்கச் சாலையில் ஏறி, அந்தச் சாலைமேலேயே இருக்கிற வில்லா கொஸ்தான்சா நிறுத்தத்தில் விடுங்கள். சுங்கச் சாலையிலிருந்து மட்டுமே அதற்குள் போக முடியும், சாதாரணத் தெருவில் தேடினால் கிடைக்காது. அங்கிருந்து டி1 டிராம், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம். ரயிலே பிடிக்கும் என்றால் போஜ்ஜிபொன்சியிலிருந்து வண்டி உண்டு, சிலவற்றில் எம்போலியில் மாற வேண்டும்.

ஒரு நாளில் ஒரு அருங்காட்சியகம், அதற்குமேல் யாருக்கும் தலையில் ஏறாது. உஃபீசியில் பொத்திச்செல்லி ஓவியங்களைப் பார்க்காமல் வர மாட்டேன் என்பவர்கள் வீட்டில் இருந்தால் 8.15 மணி நுழைவுக்கு இப்போதே முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால், உங்கள் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது கதீட்ரல் பின்னால் உள்ள ஓபெரா தெல் துவோமோ அருங்காட்சியகம். லிஃப்ட் இருக்கிறது, கூட்டம் பாதிகூட இல்லை. சிற்பி கிபெர்த்தி 27 வருடம் உழைத்துச் செய்த பொன் கதவுகளின் அசல் அங்கேதான், வெளியே ஞானஸ்நான மண்டபத்தில் மாட்டியிருப்பது நகல். மைக்கலாஞ்சலோ தன் கல்லறைக்கென்று செதுக்கத் தொடங்கி, தானே சுத்தியலால் உடைத்து, பாதியில் விட்ட சிலை அங்கே இருக்கிறது. கதீட்ரலின் பழைய முகப்பை முழு அளவில் திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த முகப்பை வடிவமைத்து 1296இல் கோவிலைத் தொடங்கிய அர்னோல்ஃபோ யார் என்று பார்த்தால், நீங்கள் தினமும் பால் வாங்கப் போகும் கொல்லே ஊர்க்காரர்.

அவர் திட்டமிட்ட கோவிலுக்கு மேலே குவிமாடக் கூரை போட ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் வழி தெரியவில்லை. தரையிலிருந்து சாரம் கட்டித் தாங்கினால் அதற்கு மரமே போதாது. 1420இல் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் தொடங்கி, செங்கல்லை மீன்முள் அடுக்கில் வைத்து, ஒவ்வொரு வளையமும் தன்னைத்தானே தாங்கும்படி எழுப்பி 1436இல் முடித்தார். அதன் உச்சிக்கு 463 படி, லிஃப்ட் இல்லை, நேரம் குறித்து முன்பதிவு கட்டாயம். பதினொரு வயதுப் பிள்ளையும் ஒரு பெரியவரும் ஏறட்டும், மற்றவர்கள் கீழே ஐஸ்கிரீம் சாப்பிடலாம். கோவில்களுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், அதனாலேயே அன்று ஃபுளோரன்ஸ் பக்கம் போகாதீர்கள். செப்டம்பர் 7 உங்கள் வாரத்தில் வந்தால், அன்று மாலை ரிஃபிகொலோனா, குழந்தைகள் காகித விளக்கோடு ஊர்வலம் போவார்கள். நாள் மாற்றி அமைக்க முடிந்தால் அதற்காகவே மாற்றலாம்.

நேரம் மிஞ்சினால் இன்னொன்று. ஆர்னோ ஆற்றோரக் காஷினே பூங்காவின் மேற்குக் கோடியில், சின்ன ஆறு ஒன்று வந்து கலக்கும் இடத்தில், வண்ணம் பூசிய குடைக்கூரை மண்டபத்தின் கீழ் ஓர் இந்திய இளைஞனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. கோலாப்பூர் மகாராஜா ராஜாராம், இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1870இல் இங்கே இறந்தார், இருபது வயது. இரு நதி கூடும் இடத்தில் தகனம் செய்ய வேண்டும் என்று கேட்க, நகரம் அனுமதித்தது. பக்கத்துப் பாலத்துக்கே இந்தியனின் பாலம் என்று பெயர். டிராம் நிறுத்தத்திலிருந்து நீண்ட நடை, டாக்சி எடுங்கள்.

வெள்ளிக்கிழமையை வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் கடல் கேட்டால் மறுபடி கடல், அதில் குறையொன்றும் இல்லை. தெம்பு இருந்தால் ஒன்றரை மணி நேரம் தெற்கே பியென்சா. 1405இல் இங்கே பிறந்து போப் ஆன இரண்டாம் பயஸ், தன் சொந்தக் கிராமத்தை 1459 முதல் மூன்றே வருடத்தில் ரொசெல்லினோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து ஒரு முழு நகரமாக மாற்றினார். ஊரே நானூறு மீட்டர்தான், சமதளம், மாமியார் நிம்மதியாக நடக்கலாம். அங்கிருந்து இருபது நிமிடத்தில் மோன்தெபுல்சானோ. திராட்சை ரசத்துக்குப் பேர்போன ஊர், ஆனால் நம் காரணம் வேறு. 1606இல் மதுரை வந்து, காவி உடுத்தி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதி, 1656இல் மயிலாப்பூரில் மறைந்த ஏசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, நாம் தத்துவ போதகர் என்று அறிந்தவர், அவருடைய குடும்பம் இந்த ஊர்ப் பிரபுக் குடும்பம். அந்தச் சதுக்கத்தில் நின்று மதுரையை நினைத்துப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மாமனாருக்குச் சாப்பாடு. கவலை வேண்டாம், டஸ்கனி சமையல் அடிப்படையில் ஏழை விவசாயி சமையல், காயும் பருப்பும் பழைய ரொட்டியும்தான். காயும் ரொட்டியும் போட்ட ரிபொல்லித்தா சூப், தக்காளி ரொட்டிக் கூழான பாப்பா அல் பொமொதோரோ, ரொட்டி சாலடான பன்சனெல்லா, பூண்டுத் தக்காளிச் சாறு போட்ட பீச்சி என்ற பாஸ்தா, எல்லாம் சைவம். சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்த்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். கடற்கரைப் பக்கமும் பைசாவிலும் சேச்சினா என்று ஒன்று கிடைக்கும், கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய செம்புத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டது. மிளகுத்தூள் தூவித் தருவார்கள், மாமனார் இரண்டாவது துண்டு கேட்பார். பாலாடைக்கட்டியில்தான் எச்சரிக்கை. பார்மெசானும் பெரும்பாலான பெக்கோரினோவும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைப்பவை, கடுஞ்சைவக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. ரொட்டியில் உப்பு இருக்காது, அது இங்கத்து வழக்கம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள், தாமதித்தால் அடுப்பை மூடியிருப்பார்கள். ஊரிலிருந்து பொடி வகை கொண்டு வாருங்கள், நெய்யும் பால் இனிப்பும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை.

மிச்சம் சிங்க்வே தெர்ரே, லூக்கா, பைசா. சிங்க்வே தெர்ரேயை வெட்டிவிடுங்கள். வில்லாவிலிருந்து லா ஸ்பேசியா வரை கார், அங்கிருந்து ரயில், ஒருவழிக்கே இரண்டரை மணி, அந்தப் படிக்கட்டு ஊர்களில் முழங்கால் வலியோடு ஒன்றும் பார்க்க முடியாது. லூக்கா அழகான ஊர், நான்கு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவரும் மதில்மேல் மரநிழலில் சைக்கிள் ஓட்டலாம். வெள்ளிக்கிழமை பியென்சாவுக்குப் பதிலாக அதை வைக்கலாம், செப்டம்பர் 13 உங்கள் வாரத்தில் விழுந்தால் கட்டாயம் வையுங்கள், அன்றிரவு ஊர் முழுக்க மெழுகு விளக்கேற்றி ஊர்வலம்.

பைசாவுக்குத் தனி நாள் வேண்டாம், திரும்பும் விமானம் பைசாவிலிருந்துதானே, சனிக்கிழமை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளைக் காரில் வைத்துவிட்டுக் கோபுரம் பார்க்கப் போகாதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துப் போவது சுற்றுலா நிறுத்தங்களில் நடக்கிறது. காரை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, பைசாமூவர் தானியங்கி ரயிலில் ஐந்து நிமிடத்தில் மத்திய ரயில் நிலையம் வந்தால் அங்கே பெட்டி வைக்கும் இடம் உண்டு, அங்கிருந்து கோபுரத்துக்குப் பேருந்தோ டாக்சியோ பிடிக்கலாம். கோபுரம் ஏற எட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், ஆகவே சின்னப் பிள்ளைக்கு அனுமதி இல்லை, அதை முன்பே சொல்லிப் பழக்கிவிடுங்கள். பெரியவர்கள் இரண்டு நேரமாகப் பிரித்து டிக்கெட் எடுத்துக்கொண்டு மாறி மாறி ஏறலாம், கைப்பையைக்கூட மேலே விட மாட்டார்கள், டிக்கெட்டைக் காட்டி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.